சாம்பியனை நியமிப்பவர்கள்

முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட சண்டை. பெல்ட் யார் இடுப்புக்குப் போகிறது, ஏன் போகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற மல்யுத்தக் கம்பெனியின் திரைக்குப் பின்னால்...

2025 டிசம்பர் 13, சனிக்கிழமை இரவு. வாஷிங்டன் கேப்பிட்டல் ஒன் அரங்கம். ஜான் சீனாவின் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்திருக்கிறார் ஆஸ்திரியாவைச் சேர்ந்த குந்தர். சீனா உதறுகிறார், எழுகிறார், மறுபடியும் மாட்டுகிறார். 48 வயது. இதுதான் கடைசி ஆட்டம் என்று ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி டிக்கெட் விற்றாகிவிட்டது. 'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே' என்ற வாசகத்தை டி-ஷர்ட்டிலும் துண்டிலும் அச்சடித்து விற்ற மனிதர் அவர். பிடி இறுகுகிறது. சீனாவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அடுத்த நொடி, எதிராளியின் கையைத் தட்டிச் சரணடைந்துவிட்டார். இருபது வருடத்துக்கும் மேலாக அவர் செய்யாத காரியம் அது.

அரங்கத்துக்கு முதலில் நம்ப முடியவில்லை. பிறகு கோபம் வந்தது. ஆனால், அந்தக் கோபம் ஜெயித்த குந்தர் மேல் போகவில்லை. சீனாவைக் கட்டிப்பிடித்து வழியனுப்ப வந்த டிரிபிள் ஹெச் மேல் போனது. கம்பெனியின் நிகழ்ச்சிகளை எழுதும் பொறுப்பில் இருப்பவர் அவர்தான். ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள்.

கொஞ்சம் யோசித்தால் இது விசித்திரமான காட்சி. ஒருவர் தோற்றதற்கு, அவரைத் தோற்கடித்தவரை விட்டுவிட்டு, எழுதியவரைத் திட்டுகிறார்கள். 'இதெல்லாம் டுபாக்கூர், முன்னாடியே பேசி வச்சது' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன ரகசியம் அந்த அரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துதான் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். பாரதக் கூத்தில் பதினெட்டாம் நாள் துரியோதனன் விழப்போகிறான் என்று ஊருக்கே தெரியும். அதனால் படுகளத்துக்குக் கூட்டம் குறைந்துவிடுவதில்லை. ஒரே வித்தியாசம், இங்கே கதையை அன்று மத்தியானம்கூட மாற்றி எழுதுவார்கள்.

திரைக்குப் பின்னால் ஒரு திங்கட்கிழமை

டபிள்யூ.டபிள்யூ.இ.யின் 'ரா' நிகழ்ச்சி 1993 ஜனவரி 11-ல் தொடங்கியது. திங்கட்கிழமை இரவு அமெரிக்காவில் நேரலை. நமக்குச் செவ்வாய்க்கிழமை விடிகாலை. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பையன்கள் செல்போனோடு ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிகழ்ச்சியை எழுத ஒரு எழுத்தாளர் குழு இருக்கிறது. யார் யாரோடு மோத வேண்டும், யார் ஜெயிக்க வேண்டும், மைக்கைப் பிடித்து யார் என்ன பேச வேண்டும் என்பது அவர்கள் வேலை. சண்டையை வடிவமைப்பது வேறு ஆட்கள். 'புரொடியூசர்' என்று அழைக்கப்படும் இவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற மல்லர்கள். உங்களுக்கு 12 நிமிடம், இடையில் விளம்பரம், முடிவு இப்படி என்று சொல்லிவிடுவார்கள். நடுவில் என்னென்ன அடி, எந்த வரிசை என்பதை மோதப்போகும் இருவரும் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். சிலர் ஒவ்வொரு அசைவையும் மனப்பாடம் செய்வார்கள். பழைய ஆட்கள் வளையத்துக்குள் போய், பிடி போட்டுக்கொண்டே காதில் கிசுகிசுத்துக் கொள்வார்கள்.

திரைச்சீலைக்கு நேர் பின்னால் திரைகளும் ஹெட்செட்டுகளுமாக ஒரு சின்ன இடம் உண்டு. அங்கே எப்போதும் நின்றுகொண்டிருந்த கொரில்லா மான்சூன் என்ற பழைய மல்லரின் ஞாபகமாக அதன் பெயரே 'கொரில்லா பொசிஷன்'. நிகழ்ச்சியின் மூளை அதுதான். வர்ணனையாளர் காதிலும் ரெஃப்ரியின் காதிலும் அங்கிருந்துதான் குரல் போகிறது.

வளையத்துக்குள் நாம் கவனிக்காத ஆள் அந்த ரெஃப்ரி. அவர் எதையும் தீர்ப்பதில்லை என்று நினைப்போம். உண்மையில் அவருக்குத்தான் வேலை அதிகம். காதுக்கருவியில் வரும் நேரக்கணக்கை, கையை உயர்த்திப் பார்ப்பதுபோல் குனிந்து, மல்லரிடம் சொல்ல வேண்டும். விழுந்தவரின் கையை லேசாக அழுத்திப் பார்ப்பார். பதிலுக்கு ஒரு அழுத்தம் வந்தால் ஆள் நலம். வராவிட்டால் தலைக்கு மேல் இரு கைகளையும் பெருக்கல் குறியாகப் பிடிப்பார். நிஜமாகவே அடிபட்டுவிட்டது என்று மருத்துவர்களுக்கு அதுதான் சமிக்ஞை. பிற்பாடு இதையும் கதைக்குள் இழுத்துப் போலியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த மேடையும் மெத்தை அல்ல. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகைகள், அதன் மேல் மெல்லிய நுரைத் தகடு, மேலே இழுத்துக் கட்டிய கித்தான். அடியில் மைக் வைத்திருப்பார்கள். 'தொம்' என்ற சத்தம் பெரிதாகக் கேட்பது அதனால். சத்தத்தைப் பெருக்க முடியும். விழுகிற முதுகுக்கு என்ன செய்ய முடியும்? தாடையை நெஞ்சோடு ஒட்டி, கைகளைப் பரப்பி, அடியை முதுகு முழுக்கப் பகிர்ந்து வாங்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

┌─────────────
கொட்டகைக்குள் புழங்கும் சொற்கள்

ஃபேஸ்: நல்லவர். ஹீல்: கெட்டவர். ஒருவர் கட்சி மாறினால் அது 'டர்ன்'.
பம்ப்: அடி வாங்கி விழுவது. செல்: வலிப்பதுபோல் காட்டுவது.
பாப்: கூட்டத்தின் ஆரவாரம். ஹீட்: கூட்டத்தின் வெறுப்பு. இரண்டும் காசு, அமைதிதான் நஷ்டம்.
ஜாபர்: தோற்பதையே வேலையாகக் கொண்டவர். புஷ்: கம்பெனி ஒருவரைத் தூக்கிவிடுவது.
கேஃபேப்: இதெல்லாம் நிஜம் என்று வெளியே காப்பாற்றும் சத்தியம். ஒருகாலத்தில் ஃபேஸும் ஹீலும் ஒரே காரில் போவதுகூடக் குற்றம்.
─────────────┘

பெல்ட் என்கிற பதவி

ஆக, சாம்பியன் பட்டத்துக்கு என்ன அர்த்தம்? என் கணிப்பில் அது பரிசு அல்ல, பதவி. ஒரு மாநிலத்துக்குத் தலைவரை நியமிக்கும்போது டெல்லி பார்க்கும் கணக்குகளைத்தான் இங்கேயும் பார்க்கிறார்கள். யார் போஸ்டரில் இருந்தால் டிக்கெட் விற்கும்? யார் டி-ஷர்ட் விற்கும்? காலை டி.வி. நிகழ்ச்சியில் உளறாமல் பேசுவது யார்? முக்கியமாக, யாரை நம்பி எதிராளியின் கழுத்தை ஒப்படைக்கலாம்?

1963 மே 17-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் புரூனோ சம்மார்ட்டினோ 48 விநாடிகளில் பட்டத்தை வென்றார். இத்தாலியிலிருந்து வந்தவர், நியூயார்க் முழுக்க இத்தாலியக் குடும்பங்கள். கார்டன் நிரம்பி வழிந்தது. எட்டு வருடம் போல அவரை யாரும் அசைக்கவில்லை. அசைக்க வேண்டிய அவசியம் கம்பெனிக்கு இல்லை. 1984-ல் கம்பெனியை நாடு முழுக்கக் கொண்டுபோக நினைத்த முதலாளி வின்ஸ் மெக்மேனுக்கு சினிமா முகம் தேவைப்பட்டது. ஹல்க் ஹோகன் வந்தார். அவரிடம் தோற்றவர் 'அயர்ன் ஷேக்' என்ற ஈரானியர். அமெரிக்கத் தூதரகப் பணயக்கைதிகள் விவகாரம் முடிந்து மூன்றே வருடம். வில்லனைத் தேடி எழுத்தாளர்கள் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

நம் ஊர் உதாரணத்துக்கு வருவோம். பஞ்சாப் போலீஸில் இருந்த இமாச்சலக்காரர் தலிப் சிங் ராணா, 'தி கிரேட் காளி'யாக 2007 ஜூலையில் உலக ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். கதைப்படி பெல்ட் எட்ஜிடம் இருக்க வேண்டியது. எட்ஜுக்கு நெஞ்சுத் தசை கிழிந்துவிட, அவசரமாக 20 பேர் மோதும் ஆட்டம் வைத்து காளிக்குக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

2017-ல் ஜிந்தர் மஹால். கனடாவில் பிறந்த பஞ்சாபி. வாராவாரம் யாரிடமாவது தோற்றுக்கொண்டிருந்தவர், திடீரென்று ராண்டி ஆர்டனை வீழ்த்தி மே 21-ல் தலைமைப் பட்டம் வாங்கினார். அமெரிக்க ரசிகர்களுக்கு வாயடைத்துப் போனது. இந்தியச் சந்தைக்காகத்தான் இந்த 'புஷ்' என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். ஆனால் டிசம்பரில் கம்பெனி டெல்லிக்கு வந்தபோது பெல்ட் அவரிடம் இல்லை! ஒரு மாதம் முன்பே, நவம்பர் 7-ல், மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸுக்குக் கைமாறிவிட்டது. டெல்லியில் ஜிந்தரை வென்றவர் யார் தெரியுமா? டிரிபிள் ஹெச்.

பெல்ட்டின் இரு பக்கத் தகடுகளும் இப்போது கழற்றி மாட்டும்படி இருக்கின்றன. புதிய சாம்பியன் வந்ததும் பழையவர் சின்னத்தை எடுத்துவிட்டுப் புதியவர் சின்னத்தைப் பொருத்துகிறார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலை.

┌─────────────
பட்டக் கணக்கு

மிக நீண்ட தலைமைப் பட்டம்: புரூனோ சம்மார்ட்டினோ, 1963 முதல் 1971 வரை, 2,803 நாட்கள்.
மிகக் குறுகியது: ஆந்த்ரே தி ஜயன்ட், 1988. ஒரு நிமிடம் 48 விநாடி. வென்ற கையோடு டெட் டிபியாஸியிடம் 'விற்றுவிட்டார்'.
சமீபகால நீளம்: ரோமன் ரெய்ன்ஸ், 2020 ஆகஸ்ட் முதல் 2024 ஏப்ரல் வரை, 1,316 நாட்கள்.
அதிக முறை: ஜான் சீனா, 17. கடைசியாக 2025 ஏப்ரல், லாஸ் வேகஸ்.
─────────────┘

மாண்ட்ரியலில் அடித்த மணி

பதவி என்றால் ராஜினாமா உண்டு. கம்பெனியை விட்டுப் போகிறவர், போகும்போது ஒருவரிடம் தோற்றுவிட்டுப் போக வேண்டும். தன் பெயரில் கொஞ்சத்தை அடுத்தவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போவது இந்தத் தொழிலின் மரியாதை. சீனா வாஷிங்டனில் செய்தது அதைத்தான். அதைச் செய்ய ஒருவர் மறுத்தால்?

1997 நவம்பர் 9, கனடாவின் மாண்ட்ரியல். சாம்பியன் பிரெட் ஹார்ட், போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகப்போகிறார். எதிரில் ஷான் மைக்கேல்ஸ். இருவருக்கும் நிஜமாகவே ஆகாது. சொந்த நாட்டில், அந்த ஆளிடம் தோற்க முடியாது என்றார் ஹார்ட். கடைசி நாட்களில் தன் பாத்திரம் பற்றி அவருக்கும் ஓரளவு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. சரி, குழப்பத்தில் ஆட்டம் முடியட்டும், பெல்ட்டைப் பிறகு ஒப்படைக்கலாம் என்று வின்ஸ் மெக்மேன் ஒப்புக்கொண்டார்.

ஆட்டத்தின் நடுவே ஹார்ட்டின் சொந்தப் பிடியான 'ஷார்ப்ஷூட்டரை' மைக்கேல்ஸ் அவருக்கே போட்டார். ஹார்ட் சரணடையவில்லை. வளையத்தின் ஓரத்தில் நின்ற மெக்மேன் மணியை அடிக்கச் சொல்லிக் கத்தினார். ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னர் கையசைத்துவிட்டு ஓடியேவிட்டார். ஹார்ட் எழுந்து, முதலாளியின் முகத்தில் துப்பினார். பிறகு விரலால் காற்றில் டபிள்யூ, சி, டபிள்யூ என்று எழுதிக் காட்டினார். உடை மாற்றும் அறையில் மெக்மேன் கண்ணில் விழுந்த குத்து, அன்று யாரும் எழுதாத ஒன்று.

இதே ஏர்ல் ஹெப்னர்தான், 1988-ல் ஹோகனிடமிருந்து பட்டத்தை ஆந்த்ரேவுக்குத் திருப்பிய 'போலி இரட்டை ரெஃப்ரி' கதையிலும் நடித்தவர். மாண்ட்ரியல் திட்டம் முன்பே தெரிந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் ஒருவர், இன்று எழுத்துப் பொறுப்பிலிருக்கும் டிரிபிள் ஹெச். பின்னாளில் அவர் மெக்மேனின் மருமகனும் ஆனார்.

அந்த இரவு கம்பெனிக்கு லாபத்தில்தான் முடிந்தது. நிஜமான துரோகத்தைக் கதைக்குள் இழுத்து, 'மிஸ்டர் மெக்மேன்' என்ற கொடுங்கோல் முதலாளி வேடத்தை வின்ஸே ஏற்றார். அந்த வேடத்துக்கும் ஸ்டோன் கோல்டு ஸ்டீவ் ஆஸ்டினுக்குமான பகை போட்டிக் கம்பெனியைத் தோற்கடிக்க உதவியது. 2001 மார்ச்சில் அந்தப் போட்டிக் கம்பெனியையே வாங்கிப் போட்டார்கள்.

கூட்டத்துக்கு உள்ள ஒரே ஓட்டு

எழுதுகிறவர்களை அசைக்கக்கூடிய ஒரே சக்தி டிக்கெட் வாங்கியவர்களின் தொண்டை. 2014 ஜனவரியில் 'ராயல் ரம்பிள்' ஆட்டத்தை பட்டிஸ்டா வென்றபோது பிட்ஸ்பர்க் கூட்டம் கொந்தளித்தது. அவர்கள் கேட்டது தாடிக்கார, குள்ளமான டேனியல் பிரையனை. சாம்பியன் முகம் இல்லை என்று கம்பெனி ஒதுக்கி வைத்திருந்த ஆள் அவர். வாராவாரம் 'யெஸ், யெஸ்' என்று கூவியே ரசிகர்கள், கம்பெனியின் வருடாந்திரப் பெருவிழாவான ரெஸில்மேனியாவின் முக்கிய ஆட்டத்தை மாற்ற வைத்தார்கள். ஏப்ரல் 6-ல் பிரையன் இரண்டு பெல்ட்டோடு நின்றார். அதே இரவில்தான் 21 முறை தொடர்ந்து ரெஸில்மேனியாவில் ஜெயித்த அண்டர்டேக்கர், பிராக் லெஸ்னரிடம் தோற்றார். 'அவனுக்கு ஏழு உயிர்டா' என்று நம் தெருக்களில் சத்தியம் செய்துகொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அன்று ராத்தூக்கம் போனது.

2024-லும் இதே கதை. கோடி ரோட்ஸை ஒதுக்கிவிட்டு, ரோமன் ரெய்ன்ஸுக்கு எதிராக ஹாலிவுட் நட்சத்திரம் ராக்கை இறக்கப் பார்த்தார்கள். தாய்க் கம்பெனியின் இயக்குநர் குழுவில் ராக் அப்போதுதான் இடம்பிடித்திருந்தார். கூட்டம் விடவில்லை. ஒரே வாரத்தில் திட்டம் மாறி, ஏப்ரல் 7-ல் கோடி ஜெயித்தார்.

வாஷிங்டன் கூச்சலை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அது தோல்விக்கான அழுகை இல்லை. எழுதியவருக்கு எதிராகப் போட்ட ஓட்டு. என்ன, சீனா ஓய்வு பெற்றுவிட்டதால் அந்த ஓட்டுக்கு இனி பலன் கிடையாது.

எழுதாத பக்கங்கள்

பிரையன் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. பட்டம் வாங்கிய இரண்டே மாதத்தில் கழுத்துக் காயத்தால் பெல்ட்டைப் பறிகொடுத்தார். தலைக்காயங்கள் காரணமாக 2016-ல் ஓய்வையே அறிவித்து, மருத்துவ அனுமதி பெற இரண்டு வருடம் போராடினார். எட்ஜ் 2011-ல் சாம்பியனாக இருக்கும்போதே முதுகுத்தண்டுப் பிரச்னையால் விலகினார். திரும்பிவர ஒன்பது வருடம்.

1999 மே 23, கான்சாஸ் சிட்டி. பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட், முகமூடி சூப்பர்ஹீரோ வேடத்தில் கூரையிலிருந்து கம்பியில் இறங்க வேண்டும். நகைச்சுவைக் காட்சி. கொக்கி முன்பே விடுபட்டது. விழுந்து இறந்தார். நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை; அவர் விழுந்த அதே வளையத்தில் அடுத்த ஆட்டங்கள் நடந்தன. குடும்பம் வழக்குப் போட்டு, 1.8 கோடி டாலர் இழப்பீட்டில் சமரசமானது. பணத்தை எழுதிவிடலாம். 'ஷோவை நிறுத்தியிருக்கலாமே' என்ற கேள்விக்குக் கால் நூற்றாண்டு கடந்தும் திருப்தியான பதில் இல்லை.

2007 ஜூனில் கிறிஸ் பென்வா, மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். முழு விவரம் தெரியும் முன் அவருக்கு அஞ்சலி நிகழ்ச்சியே ஒளிபரப்பாகிவிட்டது. அடுத்த நாளிலிருந்து அவர் பெயரையே உச்சரிக்கவில்லை. அவர் மூளையை ஆராய்ந்தவர்கள், திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டதால் வரும் கடுமையான சிதைவைக் கண்டார்கள். மேலிருந்து தலைகீழாகப் பாய்வது அவர் முத்திரை அடி. தலையில் நாற்காலியால் அடிப்பதைக் கம்பெனி 2010-ல் தடை செய்தது.

இங்கேதான் 1989-ல் நடந்த ஒரு காரியத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்குதான் என்று கம்பெனியே நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் ஒப்புக்கொண்டது. உண்மை மேல் திடீர்ப் பற்று வந்துவிடவில்லை. குத்துச்சண்டைபோல் மல்யுத்தத்தையும் மாநில விளையாட்டு ஆணையம் கண்காணித்தது. அதற்கு வரி, கட்டணம், ஆணையத்தின் மருத்துவர் என்று செலவு. 'நாங்கள் நடிக்கிறோம்' என்று சொன்னால் இவை போகும். சொன்னார்கள். வரியோடு சேர்ந்து, மாநிலத்தின் கண்ணும் போயிற்று.

சரி, நடிகர்கள் என்றால் நடிகர் சங்கம் இருக்க வேண்டுமே? அதுவும் இல்லை. கம்பெனியின் ஏட்டில் மல்லர்கள் தொழிலாளர்கள்கூட அல்ல, 'சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்'. வேறெங்கும் போய் மோதக் கூடாது, சொன்ன ஊரில் சொன்ன நேரத்தில் நிற்க வேண்டும், சொன்ன வேடம் போட வேண்டும். அதில் சுயேச்சை எங்கே இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. வளையத்தில் பட்ட காயத்துக்கு அறுவை சிகிச்சைச் செலவைக் கம்பெனி ஏற்கும். மருத்துவக் காப்பீடு அவரவர் பாடு.

பெண்களின் கணக்கு இன்னும் தாமதம். 'திவாஸ்' என்ற பெயரில் ஓரிரு நிமிட ஆட்டங்களோடு ஒப்பேற்றியவர்கள், 2016-ல்தான் அந்தப் பெயரைத் தூக்கிப்போட்டார்கள். ரெஸில்மேனியாவின் முக்கிய ஆட்டத்தில் பெண்கள் நின்றது 2019-ல்.

பணம் எழுதும் கதை

2023 செப்டம்பரில் டபிள்யூ.டபிள்யூ.இ.யும் யு.எஃப்.சி.யும் இணைந்து டி.கே.ஓ. குழுமம் ஆயின. யு.எஃப்.சி.யில் அடி நிஜம், முடிவும் நிஜம். இப்போது இரண்டுக்கும் கல்லாப்பெட்டி ஒன்று. நான்கு மாதத்தில், முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் தொடுத்த பாலியல் கொடுமை வழக்கைத் தொடர்ந்து வின்ஸ் மெக்மேன் வெளியேறினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். அதே 2024 ஜனவரியில் 'ரா'வைப் பத்து வருடத்துக்கு 500 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது.

முன்பெல்லாம் கம்பெனி ஊர் ஊராகப் போய் வயிறு வளர்த்தது. சாம்பியனைப் பார்க்க ஊர்க்காரன் காசு கொடுத்தாக வேண்டும். இப்போது ஒளிபரப்புப் பணம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. ரெய்ன்ஸ்போல், பெல்ட்டை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தலையே காட்டாத சாம்பியன் சாத்தியமானது அதனால்தான்.

அடுத்தது சவூதி அரேபியா. 2018-ல் பத்து வருட ஒப்பந்தம். முதல் நிகழ்ச்சியில் பெண்களுக்கு இடமே இல்லை. 2019 அக்டோபர் 31-ல் ரியாத்தில் நடால்யாவும் லேஸி எவன்ஸும் உடல் முழுக்க மூடிய உடையில் மோதினார்கள். அங்கே பெண்கள் ஆடிய முதல் ஆட்டம் அது. 2027 ரெஸில்மேனியாவே ரியாத்தில் என்று அறிவித்துவிட்டார்கள். வட அமெரிக்காவை விட்டு அது வெளியே போவது இதுவே முதல் முறை.

நமக்கு ட்ரம்ப் கார்டு

தொண்ணூறுகளில் வளர்ந்த தமிழ்ப் பையன்களுக்கு இந்தக் கம்பெனி முதலில் அறிமுகமானது டி.வி.யில் அல்ல, பெட்டிக்கடையில். ட்ரம்ப் கார்டில் ரேங்க், உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ், மோதிய சண்டை, ஜெயித்த சண்டை எல்லாம் அச்சாகியிருக்கும். அந்த எண்களை வைத்து நண்பனின் சீட்டைப் பறிப்போம். எழுதிவைத்த வெற்றிகளின் புள்ளிவிவரத்தை நம்பிப் போட்ட சண்டைகள் அவை. ஆனால் அந்தச் சண்டைகள் நிஜம்.

இந்தியாவிலிருந்து வளையத்துக்குப் போனவர்கள் கதை அவ்வளவு உற்சாகமானதல்ல. ரிங்கு சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் டி.வி. போட்டியில் வேகமாகப் பந்தெறிந்து ஜெயித்து, அமெரிக்க பேஸ்பால் அணிக்குப் போன உத்தரப்பிரதேச இளைஞர். அந்தக் கதையை டிஸ்னி 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமெடுக்க, இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். பிறகு அவர் டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்து, நெற்றியில் பட்டையோடு 'வீர் மஹான்' ஆனார். வாராவாரம் 'வருகிறார், வருகிறார்' என்று மாதக்கணக்கில் விளம்பரம் போட்டு, 2022-ல் இறக்கினார்கள். சில மாதத்தில் ஓரங்கட்டினார்கள். பிறகு சங்கா என்ற இன்னொரு இந்தியரோடு சேர்த்து, இருவரையும் ஜிந்தர் மஹாலின் அடியாட்களாக நிறுத்தினார்கள்.

2023 செப்டம்பர் 8-ல் ஹைதராபாத் கச்சிபவுலியில் கம்பெனி நிகழ்ச்சி நடத்தியபோது சீனாவே நேரில் வந்து ஆடினார். ஏழு மாதம் கழித்து, 2024 ஏப்ரலில், முன்னாள் சாம்பியன் ஜிந்தர், வீர், சங்கா மூவரையும் ஒன்றாகவே வேலையைவிட்டு அனுப்பினார்கள். 2025 ஏப்ரலில் கம்பெனியின் எல்லா நிகழ்ச்சிகளும் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தன.